எட்டுக்கு மேல் ஒன்று

அந்தத் தெருவில் அத்தையை அத்தை என்று கூப்பிடாத ஆள் கிடையாது. காப்பகத்துப் பிள்ளைகள் ஆரம்பித்து வைத்தது, பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற அப்பா அம்மாக்களுக்குத் தொற்றி, தண்ணீர் கேன் போடுகிறவன், கரண்ட் ரீடிங் எடுக்கிறவன் வரை பரவிவிட்டது. அவளைவிடப் பத்து வயது மூத்த தபால்காரர்கூட “அத்தை, ஒரு கையெழுத்து” என்றுதான் நீட்டுவார். செலவில்லாமல் வந்த உறவு, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அத்தை வியாபாரக் குடும்பத்தில் பிறந்து வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அப்பாவுக்குத் துணிக்கடை, மாமனாருக்கு இரும்புக்கடை. இரண்டு வீட்டிலும் சோறு ஊட்டும்போதே ஒரு பாடத்தையும் சேர்த்து ஊட்டுவார்கள். அதிகாரி என்று ஒருவர் வந்தால் நீயாக எதையும் கேட்காதே. கேட்டால் கூடாது என்பார். கூடாது என்று சொன்னபிறகு செய்தால் குற்றம். கேட்காமல் செய்தால் வெறும் அறியாமை. அறியாமையைக் கெஞ்சிச் சமாளிக்கலாம், குற்றத்துக்குத் தண்டம் கட்ட வேண்டும். இந்தப் பாடத்தை வைத்து இரண்டு தலைமுறை நன்றாகவே பிழைத்திருந்தது. ஆகவே காப்பகத்துக்கும் அத்தை அதையே கொண்டுவந்தாள்.

காப்பகம் ஓடுவது பாதி அவள் சாமர்த்தியத்தில், பாதி அரசாங்க மானியத்தில். பாதி என்பது மரியாதைக்குச் சொல்வது. முக்கால் என்றால் அவளுக்குக் கோபம் வரும். வேலைக்குப் போயும் சம்பளம் போதாத பெற்றோரின் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் தரும். பணத்தோடு ஒரு கட்டு விதியும் தரும். கொண்டுவந்து விடுகிறவர் வாசலில் தம் கையாலேயே கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் நாலு பேருக்கு ஒரு ஆள் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும். அந்த ஆளைப் பற்றிப் போலீஸ் விசாரித்து முடித்திருக்க வேண்டும். விதி தவறினால் மானியம் நிற்கும். மானியம் நின்றால் அத்தை கதவைப் பூட்டிச் சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். கட்டடம் அவன் பேரில் இருந்தது.

சின்னப் பிள்ளைகள் அறையில் இரண்டு மிஸ். உயரமானவள் நெட்டை மிஸ். போன மாதம் சேர்ந்தவள் புது மிஸ். அடுத்த வருஷமும் அவள் புது மிஸ்தான். இரண்டு மிஸ்ஸுக்கு எட்டுப் பிள்ளைகள். கணக்கு நேர்.

அன்று காலை அந்த அறையில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள்.

ஒன்பதாவது பிள்ளைக்கு மிளகு என்று பெயர் வைத்தது நெட்டை மிஸ். பார்க்க ஒரு பிடிகூடத் தேறமாட்டான், காரம் மட்டும் ஊருக்கே போதும். அவன் அம்மா ஒரு பேக்கரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி ஒருநாள் அடுப்பை அணைத்தவர் மறுபடி பற்ற வைக்கவில்லை. வேலை போனதோடு பிள்ளையின் மானியமும் போயிற்று. அந்த இடத்தை அத்தை ஒரு வாரம்கூடக் காலியாக வைக்கவில்லை. காத்திருப்போர் வரிசையிலிருந்து வேறு பிள்ளையைச் சேர்த்து எட்டை நிரப்பிவிட்டாள். காலி நாற்காலிக்கு யார் காசு தருவார்கள்?

அடுத்த வாரமே மிளகின் அம்மா வாசலில் வந்து நின்றாள். ஒரு ஓட்டலில் ரொட்டி போடுகிற பிரிவில் சோதனைக்கு எடுத்திருக்கிறார்கள், தேறினால் நிரந்தரம், அதுவரை பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியவில்லை என்றாள். அத்தை யோசிக்கவில்லை. “விட்டுட்டுப் போம்மா. காசு கீசு ஒண்ணும் வேண்டாம்” என்றாள். அந்த வார்த்தையைச் சொன்ன சந்தோஷம் அவளுக்கு அன்று முழுக்க இருந்தது. அவனுக்காக அரசாங்கத்திடம் ஒன்றும் வாங்கப் போவதில்லை. வாங்காத சரக்குக்கு அரசாங்கத்துக்கு என்ன கேள்வி? பதிவில் அவன் பெயரை எழுதவில்லை, அம்மாவிடம் கையெழுத்து வாங்கவில்லை. இது சரிதானா என்று துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்கலாமே என்று நெட்டை மிஸ்தான் ஒருநாள் சொன்னாள். அத்தை அவளைப் பார்த்த பார்வையில் அவள் பால் புட்டிகளைக் கழுவப் போய்விட்டாள்.

தணிக்கைக்காரி சொல்லாமல் வந்தாள். சொல்லிவிட்டு வந்தால் அது தணிக்கை இல்லையே. நடுத்தர வயது, தோளில் துணிப்பை, பையில் அவள் சொந்தத் தண்ணீர்ப் பாட்டில். வாசலில் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஜோடியாக வைத்தாள். அட்டையைக் காட்டினாள். வருகையாளர் நோட்டில் நிதானமாக எழுதினாள். அத்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். செருப்பை அப்படி ஒழுங்காக வைக்கிற ஆள் எதையும் அரைகுறையாகப் பார்க்கமாட்டாள் என்று அவளுக்குப் பட்டது.

“உக்காருங்க மேடம். டீ கொண்டுவரச் சொல்றேன்.”

“வேண்டாம்மா. நான் வெளியில எதுவும் குடிக்கறதில்ல.”

அத்தைக்குப் பாதி தெம்பு அங்கேயே இறங்கிவிட்டது. டீ குடிக்காத அதிகாரியை எந்தப் பக்கம் பிடிப்பது?

கொழுந்தன் அப்போது ஆபீஸ் அறையில்தான் இருந்தான். இரண்டு கடை தள்ளி அவனுடைய பெயிண்ட், ஹார்டுவேர் கடை. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு இங்கே வந்து ஒரு டீயும் அண்ணியிடம் நாலு வம்பும் வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அவன் கதவு இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தான், அண்ணியின் முகத்தைப் பார்த்தான். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

“பிள்ளை ஒண்ணு அதிகமா இருக்கா?” என்று கிசுகிசுத்தான்.

“ஆமா.”

“எது?”

இந்தக் கேள்விக்கு அத்தைக்கு யோசனையே தேவைப்படவில்லை என்பது அவளுக்கே பிற்பாடுதான் உறைத்தது. “மிளகு” என்றாள்.

“பின்பக்கமா கடைக்குத் தூக்கிட்டுப் போயிடறேன். அந்தம்மா போனதும் கொண்டுவந்து விடறேன். நீங்க முகத்தை மட்டும் சரி பண்ணுங்க அண்ணி. சரக்கு சேதமான மாதிரி நிக்காதீங்க.”

அத்தை தலையை ஆட்டினாள். தணிக்கைக்காரி குழாயில் கை கழுவித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கொல்லைக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அத்தை உடனே இருமினாள். இருமல் கொஞ்சம் நீண்டுவிட்டது.

“தண்ணி வேணுமா?” என்று தணிக்கைக்காரி தன் பாட்டிலை நீட்டினாள்.

“இல்ல மேடம். தூசி.”

“தூசியா? பிள்ளைங்க இருக்கற இடத்துல?”

“இல்ல, எனக்குத்தான். பரம்பரை.”

சின்னப் பிள்ளைகள் அறைக்குள் நுழைந்ததும் தணிக்கைக்காரி தலைகளை எண்ணினாள். விரல் நீட்டவில்லை, உதடு அசையவில்லை. கண் மட்டும் ஒவ்வொரு தலையிலும் ஒரு கணம் நின்று நகர்ந்தது. எட்டு. பிறகு மிஸ்களை. இரண்டு. கையெழுத்துப் பதிவைப் பார்த்தாள். எட்டு. குறித்துக்கொண்டாள். புது மிஸ் ஒரு பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்த மூக்கில் ஒன்றும் இல்லை.

மருந்துப் பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தாள். குளிர்பெட்டியைத் திறந்து பால் புட்டிகளில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஜன்னல் கொக்கியை ஆட்டினாள், பிளக் பாயிண்டுகளுக்கு மூடி இருக்கிறதா என்று குனிந்தாள். ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. அத்தையின் காப்பகம் நிஜமாகவே நல்ல காப்பகம். வேறொரு நாளாக இருந்தால் அவள் இந்த அம்மாவின் கூடவே நடந்து தானாக நாலு இடத்தைத் திறந்து காட்டியிருப்பாள். இன்றைக்கு அவள் புத்தி முழுக்க இரண்டு கடை தள்ளி இருந்தது. கொழுந்தனின் கடையில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். பெயிண்ட் கரைக்கிற தின்னர் டப்பாக்கள் கீழ்த்தட்டில். ஆணி, திருகாணி எல்லாம் மூடியில்லாத தகர டப்பாக்களில், வாடிக்கையாளர் அள்ளிப் பார்க்க வசதியாக இடுப்பு உயரத்தில். பெரியவர்கள் இடுப்பு உயரம். மிளகுக்கு அது ஏறிப் பிடிக்க வேண்டிய உயரம், அவன் ஏறாத இடம் உலகத்தில் இல்லை.

முந்தானைக்குள் மறைத்துக் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். ஆபீஸ் அறைக்குள்ளிருந்து அவன் போன் சினிமாப் பாட்டுப் பாடியது. டீ தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

“யாருக்கோ போன் அடிக்குதே” என்றாள் தணிக்கைக்காரி.

“வாடகைக்காரங்க மேடம். அதாவது, வீட்டு ஓனர். கொழுந்தன்தான். போனை வெச்சுட்டுப் போயிட்டார்.”

“மறதியா?”

“குடும்பத்துக்கே.”

நெட்டை மிஸ் அத்தையைப் பார்த்தாள். எப்போது முடியும் என்று அந்தப் பார்வை கேட்டது. அத்தை கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். தணிக்கைக்காரி பேனாவை மூடிப் பைக்குள் போட்டபோது அத்தைக்கு மூச்சு ஒரு சுற்றுப் பெரிதாக வந்தது. ஆனால் பை தோளுக்கு ஏறவில்லை.

“கடைசியா ஒண்ணு. தீ எச்சரிக்கை வந்தா எப்படி வெளிய கூட்டிட்டுப் போவீங்கன்னு காட்டுங்க. சின்னப் பிள்ளைங்களை மட்டும்.”

அது விதியில் உள்ளதுதான். மாதம் ஒருமுறை அவர்களே செய்கிறதுதான். நெட்டை மிஸ் சுவர் ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தாள். கட்டைவிரல் பருமனான பருத்திக் கயிறு, இரண்டு பக்கமும் துணி வளையங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். சின்னப் பிள்ளைகள் வரிசை என்றால் வரிசையில் நிற்காது. ஆனால் இது உன் வளையம் என்று கொடுத்துவிட்டால் அதை விடாது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், சேர்ந்த நாளில் கொடுத்தது. மிளகுக்கு மஞ்சள், கயிற்றின் நடுவில். அவன் இடத்துக்குச் சேர்ந்த புதுப்பிள்ளைக்கு அந்த மஞ்சளைக் கொடுக்கலாம் என்று அத்தை சொன்னாள். மிளகு அதற்கு ஒரு மணி நேரம் தரையில் புரண்டதால், நெட்டை மிஸ் கடைசியில் ஒரு ஊதா வளையத்தைப் புதிதாகத் தைத்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தங்கள் நிறத்தைப் பிடித்தன. கயிறு வாசல் தாண்டி நடைபாதைக்கு வந்து, சேருமிடம் என்று எழுதிய கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது. வேகம், ஒழுங்கு, அழுகை இல்லை. எல்லாம் அழகு. நடுவில் மஞ்சள் வளையம் மட்டும் காற்றில் தொங்கியது.

புது மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. பச்சை வளையத்துக்காரியை மெதுவாக முன்னால் நகர்த்தினாள். “இதைப் பிடிச்சுக்கோ கண்ணு.”

“ம்ஹூம்” என்றது அது. “மிளகோது.”

“பரவால்ல, பிடிச்சுக்கோ.”

“மிளகு வருவான்” என்றது, பொறுமையாக, விவரம் தெரியாதவர்களிடம் பேசுகிற குரலில்.

தணிக்கைக்காரி குந்தி உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் உயரத்துக்கு வந்தாள்.

“மிளகு யாரும்மா?” கேள்வி பிள்ளைக்கு, ஆனால் அவள் பார்த்தது அத்தையை.

“ஒரு பையன் மேடம். முன்னாடி வந்துட்டிருந்தான். இப்ப இல்ல.” சொல்லிவிட்டு அத்தை தன் வாய்க்குள் அந்தப் பொய்யின் ருசியைப் பார்த்தாள், அவ்வளவு மோசமாக இல்லை, தேறிவிடும்போல இருந்தது.

அந்த நேரம்தான் அவள் தெருவைப் பார்த்தாள். கொழுந்தன் தன் கடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். பிள்ளைகள் கயிற்றோடு வெளியே வந்ததைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். இயல்பாக இருக்கிற மனிதனைப்போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அதிகாரியம்மாவுக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டான். அவனுக்குப் பின்னால் ஷட்டர் முழுக்க இறங்கியிருந்தது.

பட்டப்பகலில், வியாபார நேரத்தில், அவன் ஷட்டரை இறக்கி அத்தை பார்த்ததே இல்லை.

ஷட்டரில் உள்ளிருந்து ஒரு தட்டு விழுந்தது. சின்னக் கையின் தட்டு. பிறகு இன்னொன்று. கொழுந்தன் உரக்க இருமினான். மூன்றாவது தட்டு விழவில்லை. அத்தை காத்திருந்தாள். விழவில்லை.

அவள் ஓடினாள் என்று நெட்டை மிஸ் பிறகு சொன்னாள். அத்தைக்கு ஓடிய நினைவு இல்லை. “அண்ணி, அண்ணி, ரெண்டே நிமிஷம்தான் உள்ள விட்டேன், ரோட்டுக்கு ஓடிடுவான்னுதான் இறக்கினேன்” என்று கொழுந்தன் முணுமுணுத்தது பக்கத்தில் எங்கோ கேட்டது. குனிந்து ஷட்டரைத் தூக்கினாள். தகரம் அலறிக்கொண்டு மேலே போயிற்று.

மிளகு ஷட்டருக்கு ஒட்டினாற்போல் நின்றுகொண்டிருந்தான். வேர்த்து, தலைமயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது. அவனுக்குப் பின்னால் ஒரு தகர டப்பா கவிழ்ந்து தரை முழுக்கச் சில்லறை இரும்பு. அவன் அழவில்லை. அழாததுதான் சரியில்லை. கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது.

“வாயைத் திற” என்றாள் அத்தை. அவன் உதட்டை இறுக்கினான். அவன் தாடையைப் பிடித்து, விரலை வளைத்து உள்ளே விட்டாள். இரண்டாவது தடவைதான் கிடைத்தது. எச்சிலோடு வெளியே வந்தது ஒரு வாஷர். அவள் மறுபடி விரலை விட்டாள். இன்னொன்று. மூன்றாவது தடவை ஒன்றும் இல்லை, அவன் அவள் விரலைக் கடித்தான், பிறகு கத்தி அழுதான். அத்தை அப்படியே தரையில், சிதறின இரும்புக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

தணிக்கைக்காரி வந்து நின்றாள். கொழுந்தனைப் பார்த்தாள். “நீங்க யாரு?”

“நான், அண்ணிக்குக் கொழுந்தன். பில்டிங் ஓனர்.”

“போலீஸ் சரிபார்ப்பு முடிஞ்சிருக்கா?”

“எனக்கு எதுக்கு மேடம்? நான் பெயிண்ட் விக்கறவன்.”

“சரி” என்றாள். பேனா பையிலிருந்து வெளியே வந்தது.

ஆபீஸ் அறையில் மூன்று பேர். மிளகு அத்தையின் மடியில் விக்கிக்கொண்டிருந்தான். அத்தை எல்லாவற்றையும் சொன்னாள்: பேக்கரி, ஓட்டல், காசு வாங்காதது. காசு வாங்காததைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். தணிக்கைக்காரி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“உங்களுக்குச் சரிபார்ப்பு முடிஞ்சிருக்கு இல்லையா?”

“எனக்கா? எனக்கு எப்பவோ முடிஞ்சுது மேடம். லைசென்ஸ் என் பேர்லதானே.”

“அப்ப நீங்க போய் அந்த ரூம்ல உக்காந்திருந்தா மூணு ஆள். மூணு ஆளுக்குப் பன்னிரண்டு பிள்ளை வரைக்கும் வெச்சுக்கலாம். மானியம் இல்லாத பிள்ளையை வெச்சுக்கக் கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. பேரு எழுதி, அவங்க அம்மாகிட்ட கையெழுத்து வாங்கியிருந்தா முடிஞ்சது. ஒரு போன் போட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

ஷட்டரை இறக்கின கையைக் கொழுந்தன் இப்போது பின்னால் கட்டிக்கொண்டிருந்தான்.

“இப்ப விஷயம் வேற” என்றாள் தணிக்கைக்காரி. “பதிவில்லாத பிள்ளை, பெத்தவங்களுக்குத் தெரியாம வெளிய போயிருக்கு, அனுமதியில்லாத ஆள்கிட்ட, பூட்டின கடைக்குள்ள. அவங்க அம்மாவுக்கு உடனே சொல்லணும். கூப்பிடுங்க.”

மிளகின் அம்மா வந்து சேர்வதற்குள் கொழுந்தன் அத்தையின் காதில் இரண்டு தடவை பேரம் பேசிவிட்டான். “அந்தப் பொண்ணு, நான்தான் கடைக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும் அண்ணி. பாதி கேஸ் போயிடும். சும்மா பாத்துக்கிட்டோம்ல அவ பிள்ளையை? இதுகூடச் சொல்லமாட்டாளா?”

அவள் வந்தாள். ஓட்டல் சீருடை, முழங்கை வரை மாவு, தலையில் வலைத்தொப்பி. வாசலில் கொழுந்தன் அவளை ஓரம்கட்டி ஏதோ சொன்னதை அத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தாள், தடுக்கவில்லை. உள்ளே வந்தவள் பிள்ளையை வாங்கி, தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். மாவு அவன் மேலெல்லாம் ஒட்டியது.

“உங்க சம்மதத்தோடதான் பிள்ளையைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?” என்று கேட்டாள் தணிக்கைக்காரி.

மிளகின் அம்மா கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு அத்தையை. மேஜைமேல் எச்சில் காயாமல் கிடந்த இரண்டு வாஷர்களைப் பார்த்தாள்.

“அத்தை, உள்ள ஒன்பது பிள்ளை இருந்துச்சா?”

“ஆமா.”

“ஒண்ணை ஒளிக்கணும்.”

“ஆமாம்மா.”

“எட்டுப் பிள்ளை காசு வர்ற பிள்ளை. என் பிள்ளை சும்மா இருக்கற பிள்ளை.” குரல் உயரவில்லை. ரொட்டிக்கு மாவு எடை போடுகிறவளைப்போல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “அதனால இவனைத் தூக்கி வெளிய போட்டீங்க. வேற யாரையாவது போட்டிருப்பீங்களா?”

கொழுந்தன் முந்திக்கொண்டான். “அப்படியெல்லாம் இல்லம்மா, கிட்ட நின்னவன் இவன், கைக்கு வந்ததை...”

“தம்பி, சும்மா இருங்க” என்றாள் அத்தை.

அவளுக்கு அந்தக் காலை திரும்ப ஓடியது. எது என்று அவன் கேட்டதும், மிளகு என்று தன் வாய் சொன்னதும். நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. இந்தப் பெண்ணிடம் காசு வேண்டாம் என்று சொன்னபோதும் இதே வேகம்தான். அன்றைக்கு அதைத் தன் பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். காசு வாங்காத சரக்குக்கு உத்தரவாதம் கிடையாது என்பது அவள் அப்பா கடைச் சுவரில் பலகையாகவே தொங்கியது. அவள் அதை ஒரு பிள்ளைக்கும் மாட்டிவிட்டிருந்தாள்.

“மேடம்” என்றாள், “அவங்க சொன்னதை அப்படியே எழுதிக்கோங்க. அதுதான் காரணம்.”

தணிக்கைக்காரி பேனாவை நிறுத்தினாள். “அவசரத்துல செஞ்சதுன்னா ஒரு மாதிரி எழுதுவேன். தெரிஞ்சு தேர்ந்தெடுத்ததுன்னா வேற மாதிரி எழுதணும். இதை எழுதினப்புறம் நான் குறைக்க முடியாது.”

“அண்ணி” என்றான் கொழுந்தன். அவன் குரலில் முதல்முறையாகக் கிண்டல் இல்லை. “யோசிச்சுப் பேசுங்க. இது பூட்டற விஷயம்.”

“தெரியும். எழுதுங்க மேடம்.”

எழுதினாள். சின்னப் பிள்ளைகள் அறைக்கான மானியம் இன்றிலிருந்து நிறுத்தி வைக்கப்படும். மறு தணிக்கைக்கு வேறு ஆள் வருவார். லைசென்ஸ் பற்றி மேலிடம் முடிவு செய்யும், நிற்கலாம், போகலாம். அதுவரை திறந்து வைக்கலாம், ஒவ்வொரு விதியும் ஒவ்வொரு நிமிஷமும் சரியாக இருந்தால். அத்தை கையெழுத்துப் போட்டாள்.

மிளகின் அம்மா எழுந்து வாசல் வரை போனாள். பிள்ளை தோளில் தலை சாய்த்திருந்தான். அங்கே நின்றுவிட்டாள். தெருவைப் பார்த்தாள், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சோதனைக்கு எடுத்த இடத்தில் பாதியில் எழுந்து வந்தவளுக்கு இன்னும் எவ்வளவு நேரம் கொடுப்பார்கள் என்று அத்தைக்குத் தெரியும். முதலாளிகளை அவள் நன்றாக அறிவாள். பிள்ளையோடு அங்கே திரும்ப முடியாது, இங்கே விடவும் மனம் இல்லை. வாங்கவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் கடைவாசலில் நிற்கிற எத்தனையோ பேரை அத்தை பார்த்திருக்கிறாள். இப்படி ஒருத்தியிடம் விலை சொல்ல ஒன்றும் இல்லாமல் நின்றது இதுதான் முதல் தடவை.

கடைசியில் அவளே திரும்பி வந்தாள். “பதிவு எங்க?”

நெட்டை மிஸ் நீட்டினாள். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் முழுப் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டாள். பிறகு அத்தையிடம் சொன்னாள்.

“உள்ள போய் உக்காருங்க. அந்த ரூம்ல. நான் பாத்துட்டுப் போறேன்.”

அத்தை போனாள். சின்னப் பிள்ளைகள் அறையில் பெரியவர்களுக்கு நாற்காலி கிடையாது; பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் முகவாய்க்கு வர உட்கார்ந்தாள். மிளகு கீழே இறங்கினான். அவளைத் தாண்டி நேராகப் பச்சை வளையத்துக்காரியிடம் போய் அவள் கையிலிருந்த பொம்மையைப் பிடுங்கினான். அவள் அலறினாள். அவன் அம்மா அதையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேகமாக நடந்தாள்.

தணிக்கைக்காரி கண்ணால் எண்ணினாள். ஒன்பது. மூன்று. குறித்துக்கொண்டாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

“அந்தம்மா வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் நீங்க இந்த ரூமை விட்டு வெளிய போகக் கூடாது. போனா எட்டுக்கு மேல ஒண்ணு.”

“போகமாட்டேன் மேடம்.”

மத்தியானச் சாப்பாடு அறைக்கே வந்தது. அத்தை பிள்ளைகளோடு பிள்ளையாகத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டாள். பெரிய பிள்ளைகள் அறையில் ஏதோ விழுந்து உடைந்தது, அவள் எழவில்லை. நாற்காலி இடுப்பை நெரித்தது. வெயில் சாயத் தொடங்கியபோது முதல் அப்பா பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். மானியம் நின்றதை அவரிடம் சொல்லியாக வேண்டும், அடுத்த மாதம் முழுக் காசு கேட்டாக வேண்டும். அதையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவர் முகம் மாறியது. பார்க்கிறேன் அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பார்க்கிறேன் என்று போகிற வாடிக்கையாளர் திரும்புவாரா என்பது அத்தைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆபீஸ் அறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. கொழுந்தன் கதவருகே வந்து நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

“அண்ணி, துறையிலேர்ந்துதான் இருக்கும். மேலதிகாரியா இருந்தா பேசிப் பாக்கலாம். ரெண்டு நிமிஷம் வந்துட்டுப் போங்க. இவன் அம்மா வர இன்னும் நேரம் இருக்கு, யாரு பாக்கப் போறா?”

மிளகு அவள் முழங்காலில் ஏறி உட்கார்ந்து, காலையில் கடித்த அதே விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எண்ணிப் பாருங்க தம்பி” என்றாள் அத்தை. “எத்தனை பேர் போயிட்டாங்க?”

அவன் எட்டிப் பார்த்து எண்ணினான். “ஒருத்தர். மிச்சம் எட்டு.”

“எட்டுக்கு?”

“ரெண்டு ஆள் போதும்.” அவன் முகம் பிரகாசமாயிற்று. “அப்ப நீங்க வரலாம். விதிப்படியே வரலாம் அண்ணி.”

போன் அடித்துக்கொண்டே இருந்தது. வரலாம்தான். கணக்கு இப்போது நேர். அத்தை கதவைப் பார்த்தாள், நெட்டை மிஸ்ஸைப் பார்த்தாள், மடியில் இருந்தவனைப் பார்த்தாள்.

“இவன் அம்மா என்னை இங்க உக்காரச் சொல்லிட்டுப் போயிருக்கா” என்றாள். “அடிக்கட்டும்.”